நிறுத்தி வைத்த வண்டி

டிரைவர் தளவாய் திங்கள்கிழமை காலையில் வரும்போது தோளில் இரண்டு துணி கிடக்கும். ஒன்று நனைத்துத் துடைக்க, இன்னொன்று ஈரத்தை வாங்க. காயல்பட்டினத்தில் ஒரு வண்டியை நிறுத்திப் போட்டு ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் கடற்காற்று கண்ணாடியில் உப்பாகப் படிந்துவிடும். விரலால் கோடு இழுத்து நாக்கில் வைத்தால் கரிக்கும்.

அன்றும் அவர், முத்து பீவியின் வீட்டை ஒட்டிய ஷெட்டில் நின்ற வெள்ளை எலக்ட்ரிக் காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே அடுப்படியில் முத்து பீவி வாடாப் பலகாரம் சுடுவதற்கு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் ஆமிரா, பள்ளிக்குக் கிளம்பிய தன் மகள் ஹனீனுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சவூதி தம்மாமிலிருந்து அவள் கணவன் நௌஃபல்.

ஸலாம் சொல்லி முடிக்குமுன் அவன் கேட்டான்.

"வண்டிய யாரு எடுத்தா?"

"எந்த வண்டிய?"

"நம்ம வீட்டுல எத்தன வண்டி நிக்கிது? நான் ஊர்லேர்ந்து வரும்போது எம்பத்தெட்டு இருந்திச்சு. இன்னைக்கி அம்பத்தொம்பது காட்டுது. இருபத்தெட்டு நாளு. சும்மா நிக்கிற வண்டியில இருபத்தொம்பது சார்ஜ் எங்க போச்சு?"

"யாரும் எடுக்கல மச்சான். நீங்க நிப்பாட்டுன எடத்துலதான் நிக்கிது."

"நான் பாக்கும்போதெல்லாம் அங்கதான் நிக்கிது. நான் பாக்காத நேரத்துல?"

வண்டியின் நிலவரம் அவன் போனிலேயே தெரியும். எவ்வளவு சார்ஜ், எந்த இடம் என்று காட்டும். எங்கெல்லாம் போய் வந்தது என்பதைப் பார்க்கத் தனிச் சந்தா கட்ட வேண்டும், அதை அவன் கட்டவில்லை. கிளம்பும் அவசரத்தில் கிலோமீட்டரையும் குறித்து வைக்கவில்லை. மழைக்காலம் முடிகிறவரை வண்டியை வெளியே எடுக்க வேண்டாம், சார்ஜரில் போட்டபடியும் விட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். சார்ஜில் கிடந்த ஸ்கூட்டர் ஒன்று தீப்பிடித்து எரிகிற வீடியோ வாட்ஸாப்பில் வந்ததிலிருந்து அவனுக்கு அந்தப் பயம்.

"தளவாய் வந்திருக்காரா? அவர்ட்ட குடு."

தளவாய் கையைத் துடைத்துவிட்டு போனை வாங்கினார். திரையில் நௌஃபலின் முகம் கறுத்துக் கிடந்தது.

"சாவி யார்ட்ட இருக்கு தளவாய்?"

பதினாலு வருடமாக 'தளவாய்ண்ணே' என்று கூப்பிட்ட வாய். அண்ணே விட்டுப்போனது அன்றுதான். ஆமிரா அதைக் கவனித்தாள். தளவாயும் கவனித்திருப்பார்.

"வீட்டுக்குள்ள ஆணியில கெடக்கு மொதலாளி. தொடைக்கும்போது கதவத் தொறக்க வாங்குவேன். முடிச்சதும் பாப்பா கையில குடுத்துருவேன்."

"துணி போட்டுத் தொடச்சா சார்ஜ் கொறையுமா?"

"அது எனக்குத் தெரியாதுல்லா."

"திருச்செந்தூருக்கு ஒரு நட, ஆத்தூருக்கு ஒரு நட போயிட்டு வந்து அதே எடத்துல நிப்பாட்டுனா எனக்கு எப்படித் தெரியும்? சத்தமும் கேக்காது, பெட்ரோல் பில்லும் வராது."

அடுப்படியிலிருந்து முத்து பீவி எழுந்து வந்துவிட்டாள். "என்ன பேச்சு இது மாப்பிள்ள?" என்றாள். அவன் காதில் விழவில்லை.

"போன வாரம் காலையில பத்தரை மணிக்கு ரெண்டு தடவ கூப்பிட்டேன். ஆமிராவும் எடுக்கல. பத்து மணிக்கு மேல அந்த வீட்டுல என்னதான் நடக்குது? நீங்க அங்கனதான சுத்திக்கிட்டிருக்கிய, சொல்லுங்க."

தளவாய் ஆமிராவை ஒரு முறை பார்த்தார். ஒரு முறைதான். பிறகு போனைப் பார்த்துச் சொன்னார்.

"வீட்டுக்குள்ள நடக்குறது எனக்கு என்ன மொதலாளி தெரியும். ஒங்க வண்டிய நான் எடுக்கல. அதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல."

சாவியை ஹனீன் கையில் வைத்தார். ஈரத்துணியைப் பிழிந்து மடித்தார். வழக்கமாக வாடா சுடும் நாளில் முத்து பீவி நாலைப் பொட்டலம் கட்டிக் கொடுக்காமல் அவர் கிளம்பியதில்லை. அன்று நிற்கவில்லை.

"பெரியம்மா, நான் போறேன்."

வாரேன் என்று சொல்லவில்லை. முத்து பீவி இறால் வாடை அடிக்கும் கையோடு வாசலில் நின்று, அவர் சைக்கிள் தெருமுனை திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹனீனை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்த ஆமிரா, அடுப்படியில் உம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு இறாலை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். அரிசிமாவில் தேங்காயும் வெங்காயமும் சேர்ந்து கிடந்தன.

"உம்மா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நான் தையல் கிளாஸுக்குப் போகல."

முத்து பீவி நிமிரவில்லை. "அது தெரியும். மூணு மாசமா தையல் படிக்கிறவ ஹனீன் பாவாடைக்கி ஒரு கொக்கி வச்சித் தரல. எங்க போற?"

"கார் ஓட்டப் படிச்சேன். வீரபாண்டியன்பட்டணத்துல ஹில்டான்னு ஒரு ராத்தா பொம்பளைங்களுக்கு மட்டும் சொல்லிக் குடுக்கிறாஹ. லைசென்ஸும் வந்திட்டு. பத்து நாளாச்சு. இப்பவும் பத்து மணிக்கு மேல கை பழகுறதுக்குப் போறேன்."

முத்து பீவியின் கை நின்றது.

ஆமிரா ஏன் படித்தாள் என்று அவள் கேட்கவில்லை. இருபத்து மூன்றாம் வருடம் டிசம்பரில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றிய அன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் அவள்தான். அப்போது பெட்ரோல் கார் இருந்தது. தெருவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். சாவியும் கையில் இருந்தது. ஆறுமுகநேரியிலிருந்து தளவாய் வந்துவிடுவார் வந்துவிடுவார் என்று பார்த்திருந்தார்கள். அங்கே ரோடே அறுத்துக்கொண்டு போயிருந்தது. தண்ணீர் இடுப்புக்கு ஏறிய பிறகு, பக்கத்து வீட்டு ஆண்கள் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பின்னால் நீந்துவதுபோல நடந்து போன ஆமிரா, கண்ணாடிவரை முங்கிய காரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். உம்மா பிழைத்தாள். கார் பிழைக்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் நௌஃபல் போன லீவில் இந்த வண்டியை வாங்கினான்.

கார் ஓட்டப் படிக்கட்டுமா என்று ஆமிரா இரண்டு தடவை அவனிடம் கேட்டிருந்தாள். "நம்ம தெருவுல ரெண்டு சைக்கிள் எதிர்ல வந்தாலே ஒதுங்க எடமில்ல, நீ ஓட்டப்போறியா?" என்று சிரித்தான். கோபப்படவில்லை. சிரித்துவிட்டதால் மூன்றாம் தடவை கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

"வண்டிய எடுத்தியா?" என்று முத்து பீவி கேட்டாள்.

"அல்லா மேல ஆணையா தொடல உம்மா. ஹில்டா ராத்தாவோட பழைய காருலதான் ஓட்டுனேன்."

"தளவாய்க்கித் தெரியுமா?"

"தெரியும். திருச்செந்தூர் ரோட்டுல எல் போர்டு மாட்டுன காருல என்னப் பாத்தார். நான் முக்காட்ட இழுத்துக்கிட்டேன். மறு திங்கக்கிழமை வந்தப்ப ஒண்ணும் கேக்கல."

முத்து பீவி இறால் சட்டியைத் தள்ளி வைத்தாள். "ஏளா, அந்த மனுசன் இன்னைக்கி ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாப்பிள்ளட கோவம் ஒம்மேல திரும்பியிருக்கும், அவன் தப்பிச்சிருப்பான். சொல்லல. கள்ளன்னு பேர் வாங்கிக்கிட்டு சைக்கிள்ள போறான். நீ வாயத் தொறக்காம நின்ன."

ஆமிராவால் உம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இன்னைக்கே சொல்லிர்றேன்" என்றாள். அன்று சொல்லவில்லை. மறுநாளும் போனை எடுத்து எடுத்து வைத்தாள்.

புதன்கிழமை மதியம் நௌஃபலே கூப்பிட்டான். குரலில் சத்தம் இல்லை. அது அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

"சாவி எங்க இருக்கு?"

"பீரோவுக்குள்ள. நீங்க அப்படிக் கேட்டீங்கன்னு திங்கக்கிழமையே பூட்டிட்டேன்."

"பீரோ சாவி?"

"என் இடுப்புல."

"இப்ப அம்பத்தஞ்சு. தளவாய் திங்கக்கிழமையோட வரல. ஆனாலும் நாலு கொறஞ்சிருக்கு. அப்ப யாரு?"

கேள்வியை அவன் அந்த இடத்திலேயே விட்டுவிட்டான். ஆமிரா அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஹில்டா, எல் போர்டு, லைசென்ஸ், தையல் கிளாஸ் பொய், தளவாய் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்தது, எல்லாம்.

"நம்ம வண்டிய மட்டும் நான் தொடல மச்சான். நம்புங்க."

மறுபக்கம் லாரி ரிவர்ஸ் எடுக்கும் ஓசை கேட்டது. அவன் வேலை பார்க்கும் குடோன் வாசலில் நிற்கிறான் என்று தெரிந்தது.

"மூணு மாசம் பொய் சொன்னவள எப்படி நம்பச் சொல்லுற?" என்றான். போன் நின்றது.

வியாழன் முழுவதும் அவன் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு எப்போதும் ஹனீனிடம் பேசுவான். பள்ளி விடுமுறையான அன்று ஹனீன் போனை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் அஸர் பாங்கு வரை காத்திருந்தாள். ஆமிராவுக்குச் சோறு இறங்கவில்லை. முத்து பீவி நெய்ச்சோறு ஆக்கியும் அவள் இரண்டு வாயோடு எழுந்தாள். வண்டி ஷெட்டில் நின்றது. கண்ணாடியில் மறுபடி உப்பு படியத் தொடங்கியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வண்டி மேலேயே ஆத்திரம் வந்தது. வாய் இருந்தால் அதுவாவது சொல்லாதா?

அப்படி நினைத்துக்கொண்டு நின்றபோதுதான் கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் சர்வீஸ் நம்பர் கண்ணில் பட்டது. யாரிடமும் கேட்காமல் கூப்பிட்டாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து செந்தில்முருகன் என்ற மெக்கானிக் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் எண்ணெய்க் கறையே இல்லாதது முத்து பீவிக்குச் சந்தேகமாக இருந்தது. "இவன் வண்டி பாக்குறவனா, பேங்குல வேல பாக்குறவனா?" என்று மகளிடம் கிசுகிசுத்தாள். அவன் முன்சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் சொருகி லேப்டாப்பை மடியில் வைத்தான். ஆமிரா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வண்டி கடைசியா அக்டோபர் இருவதாம் தேதி ஓடியிருக்கு மேடம். சாயங்காலம் அஞ்சு இருவதுக்கு நின்னுருக்கு. அதுக்குப் பெறவு சக்கரம் ஒரு சுத்துகூட உருளல."

ஆமிரா அந்த வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அவன் திருப்பிச் சொன்னான். அக்டோபர் இருபது நௌஃபல் சவூதிக்குக் கிளம்பிய நாள்.

"அப்ப சார்ஜ் எப்படிப்பா போச்சு?" என்றாள் முத்து பீவி. "எறும்பா திங்கும்?"

"சும்மா நின்னாலும் கொஞ்சம் கொறையத்தான் செய்யும் பாட்டி. ஆனா மாசத்துக்கு ரெண்டு, மூணுதான் போவும். இது ரொம்ப அதிகம்." திரையை மேலும் கீழும் தள்ளினான். புருவம் ஏறியது. "இந்த வண்டியோட ஆப் யாரு போன்ல இருக்கு?"

"என் வீட்டுக்காரஹ போன்ல. சவூதியில."

"அவங்களுக்குப் போன் போடுங்க. நான் பேசுதேன்."

ஆமிரா தயங்கினாள். இரண்டு முறை அடித்து நின்றது. மூன்றாவது முறை நௌஃபல் எடுத்தான். முகம் சவரம் பண்ணாமல் இருந்தது. செந்தில்முருகன் போனை வாங்கிக்கொண்டான்.

"சார், நான் சர்வீஸ்லேர்ந்து பேசுதேன். வண்டிய யாரும் எடுக்கல. இருவதாம் தேதிலேர்ந்து அசையவே இல்ல, லாக் இருக்கு, ஒங்களுக்கு அனுப்புதேன். ஒண்ணு கேக்கட்டா? ஆப்ப ஒரு நாளைக்கி எத்தன தடவ தொறப்பீங்க?"

"எப்பவாச்சும் பாப்பேன்."

"சார், நேத்து மட்டும் நாப்பத்தாறு தடவ தொறந்திருக்கீங்க."

நௌஃபல் தாடையைத் தடவினான்.

"நீங்க ஒவ்வொரு தடவ தொறக்கும்போதும் வண்டிக்கி இங்கன சிக்னல் வருது. அது முழிச்சு, உள்ள இருக்குற கம்ப்யூட்டர் எல்லாத்தையும் உசுப்பி, எவ்வளவு சார்ஜ் இருக்குன்னு பாத்து ஒங்களுக்குச் சொல்லுது. சொல்லிட்டு ஒடனே அணையாது. பத்து நிமிசம், கால் மணி நேரம் ஓடும். அது அணையுறதுக்குள்ள நீங்க மறுபடி தொறக்கீங்க. மொத வாரம் இருவது இருவத்தஞ்சு தடவ. அப்புறம் கூடிக்கிட்டே போவுது. இந்தத் திங்கக்கெழமைக்குப் பெறவு நாப்பதுக்குக் கொறையவே இல்ல. போதாததுக்கு, நிக்கும்போது படம் புடிக்கிற கேமராவையும் போட்டு விட்டுட்டுப் போயிருக்கீங்க. சார்ஜ வெளிய யாரும் கொண்டு போகல சார். நீங்கதான்."

முத்து பீவி முக்காட்டு நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல் சத்தமாகவே சிரித்துவிட்டாள். "அல்ஹம்துலில்லாஹ்! கள்ளன் கெடச்சிட்டான்!" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குள் போனாள். உள்ளேயிருந்தும் சிரிப்பு கேட்டது.

செந்தில்முருகன் கேமராவை அணைத்தான். மாதத்துக்கு ஒரு முறை பாதிக்கு மேல் சார்ஜ் ஏற்றி வைத்தால் போதும், ஏற்றும்போது பக்கத்தில் ஆள் இருக்கட்டும் என்று சொன்னான். கிளம்பும்போது முத்து பீவி கொடுத்த வாடாவில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, இரண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஆமிரா போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். நௌஃபல் இன்னும் போனை வைக்காமல் இருந்தான்.

"நாப்பத்தாறு தடவயா மச்சான்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ரூம்ல ஆறு பேரு. எல்லாவனும் எதையாவது பாத்துக்கிட்டு கெடப்பான். நான் அதத் தொறந்தா மேப்புல நம்ம தெரு வரும். நம்ம வீட்டுல ஒரு நீலப் புள்ளி நிக்கும். அதப் பாத்தா வீட்ட ஒருக்கா எட்டிப் பாத்த மாதிரி இருக்கும். சார்ஜ் கொறையுதுன்னு தெரிஞ்சதும் கள்ளனப் புடிக்கணும்னு இன்னும் பாத்தேன்."

"அதுக்கு எனக்குப் போன் போட்டிருக்கலாம்ல?"

"நீதான் பத்து மணிக்கு மேல எடுக்க மாட்டியே."

ஆமிராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் வந்தது சிரிப்பு. அவனும் சிரித்தான். ஐந்து நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போன மாதிரி அவள் கட்டிலில் சாய்ந்தாள்.

"பொய் சொன்னது தப்புதான்" என்றாள்.

"ரெண்டு தடவ கேட்ட. நான் சிரிச்சேன். அதுவும் தப்புதான்." பிறகு போன் பக்கம் குனிந்தான். "லைசென்ஸக் காட்டு பாப்போம்."

துப்பட்டாக்களுக்கு அடியிலிருந்து அந்த அட்டையை எடுத்து அவள் கேமராவுக்கு நேரே பிடித்தாள். அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"போட்டோவுல ஏன் இப்படி மொறச்சிக்கிட்டு இருக்க?"

"அங்க சிரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"சரி. தளவாய்ண்ணன் போன் எடுக்க மாட்டேங்குறார். இன்னொரு போன்ல இப்ப மூணு தடவ போட்டுட்டேன்."

"நான் ஆட்டோ புடிச்சிப் போயிப் பாக்குறேன்."

"ஆட்டோ எதுக்கு? வண்டி நிக்கிதுல்லா? மெதுவா ஓட்டிக்கிட்டுப் போ. அங்க போயி எனக்குப் போட்டுக் குடு. நான் பேசணும்."

ளுஹர் தொழுதுவிட்டுக் கிளம்பினார்கள். ஹனீன் முன்சீட்டுக்கு ஓடினாள். முத்து பீவி அவளை இறக்கிப் பின்னால் தள்ளி, தானும் பின்னாலேயே ஏறி, வாய்க்குள் துஆ ஓதத் தொடங்கினாள். ஹில்டாவின் பழைய கார் கிளப்பும்போது உறுமும், நடுங்கும். இது ஒரு சத்தமும் போடாமல் நகர்ந்தது. ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாமல் ஆமிரா இரண்டு முறை பிரேக்கை மிதித்தாள். பின்னால் துஆ வேகமாயிற்று. தெருவில் பலசரக்குக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மாடி ஜன்னலில் இரண்டு முக்காடுகள் தெரிந்தன. அவள் யாரையும் பார்க்கவில்லை. மெயின் ரோட்டில் ஏறிய பிறகுதான் மூச்சு விட்டாள்.

ஆறுமுகநேரியில் தளவாய் வீட்டுக்கு முன்னால் நிறுத்தியபோது, அவர் மனைவி சந்தனச்செல்வி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் முகம் இறுகியது. டிரைவர் பக்கத்துக் கதவு திறந்து ஆமிரா இறங்கியதும் கீரையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஏய், இங்கன வாங்க! யாரு ஓட்டிட்டு வந்துருக்கான்னு வந்து பாருங்க!"

தளவாய் பனியனோடு வெளியே வந்தார். ஆமிரா அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, வண்டி அசையவே இல்லையாம். மெக்கானிக் வந்து பாத்துச் சொல்லிட்டார். அவஹதான் வீட்டு ஞாபகத்துல போன்ல பாத்துப் பாத்து சார்ஜ தீத்திருக்காஹ. அன்னைக்கி நான் பேசியிருக்கணும். எனக்காக நீங்க சொல்லாம இருந்தீங்க, நான் உங்களுக்காகச் சொல்லல. மன்னிச்சிக்கங்க."

அவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். அவள் போனைப் போட்டுக் கையில் கொடுத்தாள்.

"தளவாய்ண்ணே" என்றான் நௌஃபல். "வாய் தவறிப் பேசுனேன்னு சொல்ல மாட்டேன். நெனச்சுத்தான் பேசுனேன். நெனச்சது தப்பு. பதினாலு வருசத்த ஒரு நிமிசத்துல மறந்துட்டேன். மன்னிக்கணும்."

தளவாய் தொண்டையைச் செருமினார். "வண்டிய எடுத்துட்டன்னு சொன்னதுகூட இல்ல மொதலாளி. வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு என்கிட்ட கேட்டிய பாருங்க, அதான் வலிச்சுது."

"ஆமா. அது இன்னும் பெரிய தப்பு."

"சரி, விடுங்க. தெரியாம நடந்து போச்சு." பிறகு அவர் முகம் இளகியது. "இனும வீட்டு ஞாபகம் வந்தா தங்கச்சிக்குப் போன் போடுங்க. வண்டிக்குப் போடாதிய."

சந்தனச்செல்வி எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். "அஞ்சு நாளா மனுசன் பொட்டுத் தூக்கம் தூங்கல" என்று ஆமிராவிடம் மெதுவாகச் சொன்னாள். "கள்ளன்னுட்டாவளே, கள்ளன்னுட்டாவளேன்னு முகட்டப் பாத்துக்கிட்டே கெடந்தாவ."

கிளம்பும்போது முத்து பீவி வண்டியில் ஏற மறுத்தாள். "வரும்போதே எனக்கு உசுரு போயி உசுரு வந்திச்சு. தளவாய் பக்கத்துல உக்காந்தாத்தான் நான் ஏறுவேன். வாடாவுக்கு மாவு கரைச்சி வச்சிருக்கேன், வந்து சூடா தின்னுட்டு பஸ்ஸுல வரலாம்."

தளவாய் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பழக்கத்தில் வலப்பக்கம் போய், ஆமிரா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சுற்றிக்கொண்டு வந்து இடப்பக்கம் ஏறினார்.

முதல் இரண்டு வளைவுக்கும் அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. எதிரே உப்பு லாரி வந்தபோது வாய் திறந்தார். ஆமிரா அதற்குள் ஒதுக்கியிருந்தாள். வாயை மூடிக்கொண்டார். உப்பளத்துப் பக்கம் காற்று கண்ணாடி இடுக்கு வழியாகக் குளிர்ச்சியாக வந்தது. அடைக்கலாபுரம் போகும் பாதை பிரிகிற இடத்தில் ஆமிரா, "இப்படியே நேரா போகட்டாண்ணே?" என்று கேட்டாள்.

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். தளவாயின் தலை ஜன்னல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, நல்ல குறட்டை.

"ஏளா," என்று பின்னாலிருந்து முத்து பீவி குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "முன்னால வேகத்தடை கெடக்கு. அந்த மனுசன் முழிச்சிறாம ஏத்து."

ஆமிரா பிரேக்கில் காலை வைத்தாள். வண்டி சத்தமில்லாமல் ஏறி, சத்தமில்லாமல் இறங்கியது.